கணக்கில் வராத பாதி

வானை அளந்தவர்கள்: அத்தியாயம் 23

சென்ற அத்தியாயம் 1963-இல் நின்றது. பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த நிறமாலைத் தகட்டை வைத்துக்கொண்டு, 3சி 273 என்பது நம் பால்வீதியின் நட்சத்திரம் அல்ல, 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் எரியும் ஒரு பொருள் என்று மார்ட்டன் ஷ்மிட் கண்டுபிடித்ததைப் பார்த்தோம். குவேசார் என்றால் என்ன, அதற்குள் எரிவது எது என்ற கேள்வியில் வானியலாளர்கள் பெரும்பாலோர் மூழ்கிப்போனார்கள். ஒரு சிலருக்கு மட்டும் கவனம் வேறு பக்கம் போனது. இத்தனை தூரத்திலிருந்து ஓர் ஒளி வருகிறதென்றால், வழியில் இருப்பதையெல்லாம் ஊடுருவிக்கொண்டுதானே வந்திருக்க வேண்டும்? கேலக்ஸிகளுக்கு நடுவே கிடக்கும் வெளியில் வாயு ஏதாவது இருந்தால், அந்த ஒளியில் அதன் தடயம் பதியாமலா போகும்? அந்தச் சிலரையும் அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் பற்றியது இந்த அத்தியாயம்.

முதல் அடி 1965-இல் விழுந்தது. 3சி 9 என்ற குவேசாரின் செம்பெயர்ச்சி 2.01 என்று ஷ்மிட் அந்த ஆண்டு அறிவித்தார். அந்த எண்ணுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஹைட்ரஜன் அணு ஒளியை மிக வலுவாக விழுங்குவது 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில். இதற்கு லைமன்-ஆல்ஃபா என்று பெயர். அது ஆழ்ந்த புற ஊதாப் பகுதி. பூமியின் காற்று அதைத் தரைக்கு விடுவதில்லை. ஆனால் பிரபஞ்சம் விரிந்துகொண்டிருப்பதால் 3சி 9-இன் ஒளி நம்மிடம் வந்து சேர்வதற்குள் மூன்று மடங்கு நீண்டுவிட்டது. அதன் லைமன்-ஆல்ஃபா 366 நானோமீட்டருக்கு நகர்ந்து, காற்று உள்ளே விடும் எல்லைக்குள் வந்துவிட்டது. தரையில் இருந்தபடியே அந்தப் பகுதியைப் பார்க்க முதன்முதலாக ஒரு வாய்ப்பு.

கால்டெக்கில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் பின்னால் வருவதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. குவேசாரிலிருந்து 110 நானோமீட்டரில் கிளம்பும் ஒளியை எடுத்துக்கொள்வோம். அது வழியில் நீண்டுகொண்டே வருகிறது. ஏதோ ஓரிடத்தில் அதன் அலைநீளம் சரியாக 121.6 ஆகும். அந்த இடத்தில் ஹைட்ரஜன் அணு இருந்தால் ஒளி அங்கேயே சிக்கிக்கொள்ளும். 100 நானோமீட்டரில் கிளம்பிய ஒளி அந்த நீளத்தை எட்ட இன்னும் அதிக தூரம் வர வேண்டும். அது நமக்குச் சற்று அருகில் வந்து சிக்கும். ஆக, நிறமாலையில் லைமன்-ஆல்ஃபாவுக்கு நீலப் பக்கம் உள்ள ஒவ்வொரு புள்ளியும் வழியில் ஓர் இடத்தைக் குறிக்கிறது. வழிநெடுக ஹைட்ரஜன் பரவியிருந்தால் நீலப் பக்கம் முழுவதும் இருண்டு போயிருக்க வேண்டும்.

தகட்டில் இருள் இல்லை. ஒளி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பத்தாயிரம் கனமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் அணுகூட தேறவில்லை. இதற்கு இரண்டே விளக்கங்கள்தான் உண்டு. ஒன்று, கேலக்ஸிகளுக்கு நடுவே வாயுவே இல்லை. அல்லது வாயு இருக்கிறது, ஆனால் அதன் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகிவிட்டன. எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் வெறும் புரோட்டான். அதனால் லைமன்-ஆல்ஃபாவை விழுங்க முடியாது. எவ்வளவு இருந்தாலும் ஒளி தடையின்றிக் கடந்துபோகும். காணக்கூடிய தடயம் இல்லாததை வைத்தே வாயு அயனியாகியிருக்கிறது என்று ஊகித்தார்களே, அதில்தான் இந்தத் துறை பிறந்தது என்பேன்.

அதே ஆண்டு ஜான் பாக்கால், எட்வின் சால்பீட்டர் இருவரும் இன்னொரு சாத்தியத்தைச் சொன்னார்கள். வாயு சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக இருந்தால், தொடர்ச்சியான இருளுக்குப் பதில் தனித்தனிக் கோடுகள் விழும் என்றார்கள். பாக்காலின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1971-இல் கிட் பீக்கில் ரோஜர் லிண்ட்ஸ் 4சி 05.34 என்ற குவேசாரின் நிறமாலையை வெளியிட்டார். செம்பெயர்ச்சி 2.88, அன்றைக்கு அதுவே உச்சம். லைமன்-ஆல்ஃபாவுக்குச் சிவப்புப் பக்கம் ஓரளவு வெறிச்சென்று இருக்க, நீலப் பக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் வழியில் கிடக்கும் ஒரு வாயுத் திட்டின் லைமன்-ஆல்ஃபாவாக இருக்கலாம் என்றார் லிண்ட்ஸ். பின்னாளில் ‘லைமன்-ஆல்ஃபா காடு’ என்று பெயர் பெற்றது இதுதான். கன்னும் பீட்டர்சனும் பார்த்த 40 சதவீதக் குறைவு எங்கிருந்து வந்தது என்பதும் இதனால் விளங்கியது: சீரான வாயுவால் அல்ல, தனித்தனியாகப் பிரித்தறிய முடியாமல் கலந்துபோன கோடுகளால்.

எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வாயு வழியில் கிடப்பதல்ல, குவேசாரே வெளியே வீசியெறிந்தது என்று ஜெஃப்ரி பர்பிட்ஜ் போன்றவர்கள் வாதாடினார்கள். கோடுகளைத் துல்லியமாக அளக்காமல் இதைத் தீர்க்க முடியாது. புகைப்படத் தகடு அதற்குப் போதாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் அலெக் பாக்சன்பர்க் ஒரு கருவி செய்தார். வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துகளையும் மின்பெருக்கியில் ஒரு சிறு மினுக்காக மாற்றி, அந்த மினுக்கை ஒரு டெலிவிஷன் கேமராக் குழாயால் பார்த்து, அது எங்கே விழுந்தது என்று கணினியில் ஒன்றொன்றாக எண்ணி வைக்கும் கருவி. அதைப் பாலோமருக்குக் கொண்டுபோய் வாலஸ் சார்ஜென்ட்டோடு சேர்ந்து வேலை செய்தார். 1980-இல் சார்ஜென்ட், யங், பாக்சன்பர்க், டைட்லர் நால்வரும் ஆறு குவேசார்களை வைத்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. குவேசார் எதுவானாலும் கோடுகளின் தன்மை ஒரே மாதிரி இருந்தது. குவேசாரை ஒட்டிக் கோடுகள் குவியவும் இல்லை. வாயு வழியில்தான் கிடக்கிறது என்பது அதோடு பெரும்பாலும் முடிவானது.

இதெல்லாம் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பிரபஞ்சத்தைப் பற்றிய செய்தி. இன்றைய பிரபஞ்சத்தில், நமக்கு அருகில் என்ன நிலை? அருகில் உள்ள வாயுவின் கோடுகள் நீளாமல் புற ஊதாவிலேயே நின்றுவிடும். காற்றுக்கு மேலே போனால்தான் பார்க்க முடியும். அப்படியொரு விண்வெளித் தொலைநோக்கி வேண்டும் என்று 1946-லேயே எழுதியவர் பிரின்ஸ்டனின் லைமன் ஸ்பிட்சர். 1970-களில் அமெரிக்கக் காங்கிரஸின் கதவுகளை அவரோடு சேர்ந்து தட்டியவர் பாக்கால். 1990-இல் ஹபிள் மேலே போனது. 1991-இல் பாக்காலின் குழு ஹபிளை 3சி 273-இன் பக்கம் திருப்பியது. அருகில் காடு ஏறக்குறைய அழிந்திருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கோடுகள் இருந்தன. 1965-இல் காகிதத்தில் எழுதியதைக் கால் நூற்றாண்டு கழித்துத் தன் கையாலேயே அளந்து பார்க்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இந்த இடத்தில் கதை திரும்புகிறது. இதுவரை கேள்வி ‘வாயு இருக்கிறதா’ என்பது. 1990-களின் நடுவில் அது ‘மீதி எங்கே’ என்று மாறியது.

பிரபஞ்சத்தில் புரோட்டானும் நியூட்ரானுமாக உள்ள சாதாரணப் பொருள் மொத்தம் எவ்வளவு என்பதை டியூட்டீரியத்தின் அளவு காட்டிக்கொடுக்கும். பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களில் உருவானது அது. சாதாரணப் பொருள் அதிகமாக இருந்தால் டியூட்டீரியம் குறைவாக மிஞ்சும். அந்த அளவை டைட்லர் குழு எடுத்ததும் தொலைதூரக் குவேசார்களின் ஒளியிலிருந்துதான். மொத்தம் தெரிந்தது. அடுத்து, 1998-இல் ஃபுகுகிதா, ஹோகன், பீபிள்ஸ் மூவரும் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் பட்டியல் போட்டுக் கூட்டினார்கள்: நட்சத்திரங்கள், கேலக்ஸிகளுக்குள் உள்ள வாயு, கேலக்ஸிக் கொத்துகளின் சூடான வாயு. கல்யாண வீட்டில் மொய் நோட்டின் கூட்டுத்தொகை ஒன்று சொல்ல, பெட்டியில் உள்ள பணம் அதில் பாதிகூட வராமல் நின்றால் எப்படி இருக்கும்? அந்த நிலைமைதான். தொலைதூரத்தில், அதாவது இளம் பிரபஞ்சத்தில், லைமன்-ஆல்ஃபா காட்டிலேயே கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. இன்றைய பிரபஞ்சத்தில்தான் பெரும்பகுதி கணக்கில் வரவில்லை.

1999-இல் பிரின்ஸ்டனின் ரென்யூ சென், ஜெரமையா ஆஸ்ட்ரைக்கர் இருவரும் ஒரு விடை தந்தார்கள். கணினியில் பிரபஞ்சத்தை வளரவிட்டுப் பார்த்தபோது, வாயு ஈர்ப்பு விசையால் நீண்ட இழைகளாகத் திரண்டது. அப்படி விழும்போது அதிர்வலைகளால் சூடேறி 1 லட்சம் முதல் 1 கோடி டிகிரி வரை போனது. அந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் கிட்டத்தட்ட முழுக்க அயனியாகிவிடும். லைமன்-ஆல்ஃபா தடயம் அநேகமாக இருக்காது. அடர்த்தியோ கனமீட்டருக்கு ஒன்றிலிருந்து பத்துத் துகள் வரைதான். தானாக ஒளிரும் அளவுக்கும் அது போதாது. பொருள் எங்கும் ஓடிப்போகவில்லை. தடயம் விடாத அளவுக்குச் சூடாகிவிட்டது.

ஹைட்ரஜன் கைவிட்ட இடத்தில் ஆக்சிஜன் உதவிக்கு வந்தது. நட்சத்திரங்களில் சமைந்து, வெடிப்புகளாலும் காற்றுகளாலும் வெளியே வீசப்பட்ட ஆக்சிஜன் இந்த இழைகளிலும் கொஞ்சம் கலந்திருக்கும். அதற்கு எட்டு எலக்ட்ரான்கள். சுமார் 3 லட்சம் டிகிரியில் ஐந்து போய் மூன்று மிஞ்சும். அந்த மூன்றில் வெளிச்சுற்றில் இருப்பது ஒன்றே ஒன்று, அது 103.2, 103.8 நானோமீட்டரில் இரட்டைக் கோடுகளைத் தரும். முதல் கோட்டின் வலிமை இரண்டாவதைப் போல் இரு மடங்கு. இயற்கை கொடுத்த முத்திரை இது. நிறமாலையில் ஒரு கோட்டைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், குறிப்பிட்ட தூரத்தில், பாதி வலிமையில் அதன் ஜோடி இருக்கிறதா என்று தேடலாம். இருந்தால் அது ஐந்து எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்தான். இந்த அயனியை வானியலாளர்கள் ஓ-6 என்பார்கள்.

ஓ-6-ஐத் தேடச் சொன்னவரும் ஸ்பிட்சர்தான், அதுவும் 1956-இல், முதல் ஸ்புட்னிக் பறப்பதற்கு முன்பே. பால்வீதியைச் சுற்றிச் சூடான வாயு உறை ஒன்று இருக்கலாம், விண்வெளியிலிருந்து பார்த்தால் ஓ-6 அதைக் காட்டிக்கொடுக்கலாம் என்று எழுதினார். 1972-இல் ஏவப்பட்ட கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோளில் பிரின்ஸ்டனின் தொலைநோக்கி இருந்தது. நம் கேலக்ஸியின் நட்சத்திரங்களுக்கு நடுவே ஓ-6 பரவலாக இருப்பதை அது கண்டது. 1974-இல் அந்த அளவீட்டை வெளியிட்டவர்களில் ஒருவர் எட்வர்ட் ஜென்கின்ஸ். இந்த வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் அவர். 2000-ஆம் ஆண்டில் டாட் டிரிப், பிளேர் சாவேஜ் ஆகியோருடன் சேர்ந்து, ஹபிளால் எச்1821+643 என்ற குவேசாரைப் பார்த்து, கேலக்ஸிகளுக்கு நடுவே ஓ-6 கணிசமாக இருக்கிறது என்று எழுதிய மூவரில் அதே ஜென்கின்ஸ் இருக்கிறார். 26 ஆண்டுகள், அதே இரட்டைக் கோடு. முதலில் வீட்டுக்குள், பிறகு வீடுகளுக்கு நடுவே. ஸ்பிட்சர் அதைப் பார்க்கவில்லை, 1997-இல் காலமாகிவிட்டார்.

ஹபிளுக்கு 115 நானோமீட்டருக்குக் கீழே பார்வை மங்கல். மிக அருகில் உள்ள ஓ-6-ஐப் பிடிக்க 1999 ஜூனில் ஃபியூஸ் என்ற செயற்கைக்கோள் போனது. அதன் திசைகாட்டும் சுழற்சக்கரங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. 2001-இல் இரண்டு நின்றபோது பணி முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். பால்டிமோரில் இருந்த குழு, செயற்கைக்கோளில் இருந்த மின்காந்தத் தண்டுகளைப் பூமியின் காந்தப்புலத்தோடு பிடிமானமாக்கி அதைத் திருப்பக் கற்றுக்கொண்டது. கடைசிச் சக்கரம் 2007 ஜூலையில் நிற்கும்வரை ஃபியூஸ் அளந்துகொண்டே இருந்தது. 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் ஜான் கிரன்ஸ்ஃபெல்டும் ஆண்ட்ரூ ஃபியூஸ்டலும் ஹபிளில் காஸ் என்ற புதிய நிறமாலைமானியைப் பொருத்தினார்கள். மங்கலான குவேசார்களின் புற ஊதாவையும் அது பிடித்தது. மைக்கேல் ஷல் குழு 2012-இல் போட்ட கணக்கில், காட்டில் சுமார் 28 சதவீதம், சூடான இழைகளில் கண்டது சுமார் 25 சதவீதம், கேலக்ஸிகளில் வெறும் 7 சதவீதம். கொத்துகளையும் கேலக்ஸிகளைச் சூழ்ந்த வாயுவையும் சேர்த்த பிறகும் 30 சதவீதம் அளவுக்கு இடிக்கத்தான் செய்தது. ஓ-6-ஐ மட்டும் முழுக்க நம்பிவிடவும் முடியாது. வெப்பத்தால் அல்லாமல், குவேசார்கள் பரப்பும் புற ஊதாவாலேயே குளிர்ந்த வாயுவிலும் ஓ-6 உருவாகலாம். எது எந்த வகை என்று பிரிப்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

எஞ்சியது இன்னும் சூடானது. ஆறாவது எலக்ட்ரானும் போன ஆக்சிஜன், ஓ-7. மிஞ்சிய இரண்டும் உட்சுற்றில் இறுக்கமாக இருப்பதால் பல லட்சம் டிகிரி வரை அது கலையாமல் நிற்கும். அதனாலேயே தொலைந்த வாயுவின் நம்பகமான சாட்சி. ஆனால் அதன் கோடு விழுவது 2.16 நானோமீட்டரில், எக்ஸ் கதிரில். 1999-இல் இரண்டு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் அடுத்தடுத்துப் போயின. ஜூலையில் அமெரிக்காவின் சந்திரா, டிசம்பரில் ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன். முன்னது சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது.

2005-இல் ஃபாப்ரிசியோ நிகாஸ்ட்ரோவின் குழு சந்திராவால் முதல் அறிவிப்பைச் செய்தது. மார்க்கேரியன் 421 என்ற பிளேசார், அதாவது தன் பீச்சலை நேரே நம்மை நோக்கித் திருப்பிய குவேசார் வகை, திடீரென்று பிரகாசமாகக் கொதித்தெழுந்த நேரங்களில் எடுத்த தரவு. வழியில் இரண்டு இடங்களில் ஓ-7 இருப்பதாகச் சொன்னார்கள். கோடுகளோ சந்திராவின் பிரிதிறனைவிடப் பல மடங்கு மெல்லியவை. நெதர்லாந்தின் ஜெல்லே காஸ்ட்ரா குழு அதை மறுபடி அலசியது. கோடு எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாதபோது நிறமாலை முழுக்கத் துழாவத்தான் வேண்டும். துழாவும் இடங்கள் பெருகப் பெருக, தற்செயலாக ஒரு பள்ளம் கோடுபோலத் தோன்றும் வாய்ப்பும் பெருகும். அதைக் கணக்கில் எடுத்தால் இந்த இரண்டும் நிற்காது என்றார்கள். எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவுகளிலும் அந்தக் கோடுகள் தென்படவில்லை. அறிவிப்பு அப்படியே தொங்கிப்போனது.

நிகாஸ்ட்ரோ விடவில்லை. இம்முறை பிரகாசமான கணத்துக்காகக் காத்திருக்காமல் நேரத்தைக் கொட்டினார். 1இஎஸ் 1553+113 என்ற பிளேசாரை எக்ஸ்எம்எம்-நியூட்டன் மொத்தம் 17.5 லட்சம் விநாடிகள் பார்த்தது. ஏறத்தாழ 20 நாள், ஒரே புள்ளியை. 2018 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது: செம்பெயர்ச்சி 0.43, 0.36 ஆகிய இரண்டு இடங்களில் ஓ-7. தொலைந்தது கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. மறு ஆண்டே ஷான் ஜான்சன் குழு அந்தப் பிளேசாரின் சுற்றுவட்டாரத்துக் கேலக்ஸிகளை அளந்து, பிளேசாரே 0.43 செம்பெயர்ச்சியில் உள்ள ஒரு கேலக்ஸிக் குழுவைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று காட்டியது. அப்படியானால் அந்த ஓ-7 வெளியில் கிடப்பது அல்ல, பிளேசாரின் சொந்த அக்கம்பக்கத்துச் சரக்கு. இரண்டு ஒன்றாகக் குறைந்தது. ஒரு கோட்டை வைத்துப் பிரபஞ்சம் முழுவதற்கும் கணக்கு எழுத முடியாது.

காஸ்ட்ராவின் ஆட்சேபத்துக்கு நேரான விடை 2019-இல் ஓர்ஷோயா கோவாச் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் எச்1821+643-தான். அந்தக் குவேசாரின் வழியில் வாயுத் திட்டுகள் எந்தெந்தச் செம்பெயர்ச்சியில் இருக்கின்றன என்று புற ஊதா ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஆகவே துழாவ வேண்டியதில்லை. அப்படிப்பட்ட 17 இடங்களில் ஓ-7 கோடு விழ வேண்டிய துண்டுகளை மட்டும் சந்திராவின் நிறமாலையிலிருந்து வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினார்கள். தனித்தனியாக எதுவும் தெரியவில்லை. கூட்டியபோது ஒரு பள்ளம் தெரிந்தது. புள்ளியியல் கணக்கில் அதன் பலம் 3.3 சிக்மா, கொண்டாடும் அளவுக்கு இல்லை, ஒதுக்கிவிடும் அளவுக்கும் இல்லை. இந்த அறுபது ஆண்டுக் கதையில் மிக நேர்மையான அளவீடு எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். எங்கே பார்க்கப்போகிறோம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

2020-இல் முற்றிலும் வேறு வழியில், வேக ரேடியோ வெடிப்புகளைக் கொண்டு, ஆஸ்திரேலியாவில் ஜீன்-பியர் மாக்கார்ட்டின் குழு வழியிலுள்ள எலக்ட்ரான்களை மொத்தமாக எண்ணியது. கூட்டுத்தொகை டியூட்டீரியம் சொன்னதோடு ஒத்துப்போனது. அது தனி அத்தியாயத்துக்குரிய கதை. ஆனால் அந்த முறை எலக்ட்ரான் எத்தனை என்று சொல்லுமே தவிர, அது எந்தச் சூட்டில் இருக்கிறது, அதோடு ஆக்சிஜன் எவ்வளவு கலந்திருக்கிறது, அந்த ஆக்சிஜனை எந்தக் கேலக்ஸி வீசியது என்றெல்லாம் சொல்லாது. அதற்குக் குவேசார் ஒளியில் விழும் கோடுகளிடம்தான் திரும்ப வர வேண்டும்.

அந்தக் கோடுகளுக்கு இப்போது கருவிப் பஞ்சம். 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம் எக்ஸ் கதிர் நிறமாலையில் இதுவரை இல்லாத துல்லியம் கொண்டது. ஆனால் அதன் முதன்மைக் கருவிக்கு முன்னால் உள்ள பாதுகாப்புக் கதவு விண்ணில் திறக்கவில்லை. கதவிலுள்ள பெரிலியம் சாளரம் 1.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே உள்ள கதிர்களைத் தடுத்துவிடுகிறது. ஓ-7 கோடு 0.57-இல் இருக்கிறது. ஐரோப்பா திட்டமிடும் நியூஅதீனா 2030-களின் பிற்பகுதியில்தான் போகும். அதுவரை ஓ-7-ஐத் தேடுகிறவர்களின் கையில் இருப்பவை 1999-இல் மேலே போன அதே இரண்டு தொலைநோக்கிகள்தான். சந்திராவின் உணர்கருவிக்கு முன்னால் உள்ள வடிகட்டிகளில் ஆண்டுக்காண்டு மாசு படிந்து, ஓ-7 விழும் மெல்லிய எக்ஸ் கதிர்ப் பகுதியில்தான் அதன் உணர்திறன் அதிகமாகக் குறைந்து வருகிறது. எக்ஸ்எம்எம்-நியூட்டனுக்கு நேரம் கேட்டு விண்ணப்பிக்கிறார்கள், நீண்ட நேரம், பிரகாசமான பிளேசார்கள் சிலவற்றின் மேல்.

(அடுத்த அத்தியாயம்: மில்லிவிநாடி வெடிப்புகள் எண்ணிய எலக்ட்ரான்கள்)